சிவப்புப் புள்ளடி விழுந்த விலைப்பட்டியல்

மின்னஞ்சலைத் திறந்தால் நடுவில் ஒரு வெற்றுப் பெட்டி. அதன் மூலையில் ஒரு சிவப்புப் புள்ளடி. அல்லது பிய்ந்த கடதாசி போல ஒரு சிறு சின்னம். கொம்பியூட்டர் பாவிக்கும் எந்த வியாபாரியும் இதைக் காணாமல் இருந்திருக்க மாட்டார். அனுப்பியவர் தன் பக்கத்தில் அழகான படத்தைப் பார்த்துவிட்டுத் திருப்தியோடு பொத்தானை அழுத்தியிருப்பார். அவர் அதில் வைத்தது என்ன? புதிய விலை, கழிவு வீதம், கடைசித் திகதி, தொலைபேசி இலக்கம், வங்கிக் கணக்கு இலக்கம் அத்தனையும் படத்துக்குள்ளே! மறுபக்கத்தில் வந்து சேர்ந்தது புள்ளடி மட்டும். தேர்தலில் புள்ளடி விழுந்தால் யாராவது ஒருவர் வெல்வார். வியாபாரத்தில் இந்தப் புள்ளடி விழுந்தால் இரு தரப்புக்கும் நட்டம்.

இந்த வாரம் நான் சொல்ல வருவது ஒரே விடயம்தான். படம் தெரியாமல் போவதற்குக் காரணங்கள் பத்து உண்டு. அவற்றில் சில பார்ப்பவரின் கையில், சில அனுப்பியவரின் கையில், சில இருவர் கையிலும் இல்லை. ஆனால் படம் தெரியாவிட்டாலும் செய்தி போய்ச் சேர வேண்டும் என்ற பொறுப்பு முழுக்க முழுக்க அனுப்புபவருடையது. விலையும் விலாசமும் எழுத்தில் இருக்க வேண்டும்; படம் அதற்கு அலங்காரமாக இருக்கலாம். இதை நம்மில் அநேகர் தலைகீழாகச் செய்து வருகிறோம்.

நமக்கு ஏன் இந்தப் பழக்கம்?

இதற்கு ஒரு நியாயமான காரணம் முன்பு இருந்தது. 1990களிலும் 2000களின் ஆரம்பத்திலும் தமிழில் மின்னஞ்சல் எழுதுவது பெரும்பாடு. பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்வோம். உள்ளே பதிவாவது ஆங்கில எழுத்து. அதன் மேல் போர்த்தியிருப்பதுதான் தமிழ் உருவம். அந்த எழுத்துரு இல்லாத கொம்பியூட்டரில் ‘அம்மா’ என்ற சொல் ‘எம், கே, அரைப்புள்ளி, கே, எச்’ என்று கிடக்கும். வெள்ளவத்தையில் இருந்து கனடாவுக்கும் கொட்டாஞ்சேனையில் இருந்து டுபாய்க்கும் தமிழில் ஒரு கடிதம் அனுப்புவதென்றால் அதை அச்செடுத்து, ஸ்கேன் செய்து, படமாக அனுப்புவதே வழி. அன்று அது புத்திசாலித்தனம்.

இன்று அந்தத் தேவை இல்லை. யூனிகோட் முறையில் தமிழுக்கு 1991 இலேயே இடம் கிடைத்துவிட்டது. விண்டோஸ் 2000, அதன் பின் 2001 இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி என்பன லதா எழுத்துருவோடு வந்தன. 2008 இல் தமிழுக்கென எஸ்.எல்.எஸ். 1326 என்ற இலங்கை நியமமும் வெளியானது. இப்போது கையிலுள்ள சாதாரண ஸ்மார்ட் போனிலேயே தமிழில் எழுதலாம், வாசிக்கலாம். தேவை போய்விட்டது, பழக்கம் மட்டும் நம்மை விட்டுப் போகவில்லை.

சாமானும் துண்டும்

படம் எப்படித் தொலைகிறது என்பதைப் புறக்கோட்டையில் கொள்வனவு செய்பவருக்கு இலகுவாக விளங்கப்படுத்தலாம். சில வேளைகளில் நாம் சாமானையே லொறியில் ஏற்றி அனுப்புகிறோம். சில வேளைகளில் ஒரு டெலிவரி ஓடர் துண்டை மட்டும் கொடுத்து, “இந்த ஸ்டோருக்குப் போய் எடுத்துக்கொள்ளுங்கள்” என்கிறோம். துண்டு கையில் இருப்பதால் சாமான் கிடைத்துவிட்டதென்று அர்த்தமல்ல. ஸ்டோர் பூட்டியிருக்கலாம், விலாசம் பிழையாக இருக்கலாம், காவலாளி உள்ளே விட மறுக்கலாம்.

இணையப் பக்கங்களில் பெரும்பாலும் நடப்பது துண்டு வியாபாரம்தான். 1993 இல் மொசைக் என்ற உலாவியை உருவாக்கியவர்களில் ஒருவரான மார்க் அன்றீசன், எழுத்துகளுக்கு இடையிலேயே படத்தைக் காட்டும் முறையை முன்வைத்தார். பக்கத்தில் இருப்பது படத்தின் விலாசம் மாத்திரம். உலாவி அந்த விலாசத்துக்குப் போய்ப் படத்தை எடுத்து வந்து உரிய இடத்தில் வைக்கிறது. மின்னஞ்சலில் இரண்டு முறையும் உண்டு. இணைப்பாக வருவது லொறியில் வந்த சாமான். கடிதத்துக்குள் தோன்றும் கம்பனி விளம்பரப் படங்கள் பெரும்பாலும் துண்டுகள்.

கதவைப் பூட்டியது யார்?

“என் மின்னஞ்சல் ஏன் படத்தைத் தானாகக் காட்டுவதில்லை?” என்று கேட்பவர்கள் உண்டு. அதைப் பழுது என்று நினைக்கக் கூடாது; அது காவல். கடிதத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரே ஒரு புள்ளி அளவிலான படத்தை வைத்து அனுப்புவார்கள். நீங்கள் கடிதத்தைத் திறந்ததும் அந்தப் புள்ளியை எடுக்க உங்கள் கொம்பியூட்டர் அவர்களது சேர்வரைத் தட்டும். அத்தோடு, இந்த விலாசம் உயிரோடு இருக்கிறது, இத்தனை மணிக்குத் திறந்தார் என்ற தகவல் அவர்களுக்குப் போய்விடும். அதனால்தான் மைக்ரோசொப்ட் நிறுவனம் அவுட்லுக் 2003 இல் இருந்து வெளியிடத்துப் படங்களைத் தானாக இறக்காமல் நிறுத்தியது. அனுப்பியவர் தெரிந்தவர் என்றால் மட்டும், கடிதத்தின் மேலே உள்ள பட்டையை அழுத்திப் படத்தை இறக்கிக்கொள்ளலாம்.

ஜிமெயில் வேறு வழியைப் பிடித்தது. 2013 டிசம்பரில் இருந்து கூகுள் தன் சேர்வர் ஊடாகவே படத்தை எடுத்து வந்து காட்டுகிறது. ஆனாலும் ஸ்பாம் பெட்டிக்குள் போன கடிதத்தின் படங்கள் தெரியாது. அத்தோடு அமைப்புகளில் ‘வெளிப் படங்களைக் காட்டுமுன் கேள்’ என்று தெரிவு செய்திருந்தாலும் தெரியாது. படம் தெரியவில்லை என்பவர்கள் முதலில் இதைப் பார்த்துக்கொள்ளவும்.

இன்னொன்றும் உண்டு. 2006 அளவில் ஸ்பாம் அனுப்புகிறவர்கள் வடிகட்டிகளுக்குத் தப்புவதற்காகத் தங்கள் விளம்பர வாசகங்களைப் படத்துக்குள் எழுதி அனுப்பத் தொடங்கினார்கள். அன்றிலிருந்து எழுத்தே இல்லாமல் படம் மட்டும் வரும் கடிதத்தை வடிகட்டிகள் சந்தேகக் கண்ணோடு பார்க்கின்றன. நேர்மையான வியாபாரியின் பெருநாள் விற்பனை விளம்பரமும் மோசடிக்காரனின் கடிதமும் ஒரே உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்தால், வாசலில் நிற்பவன் இருவரையும் ஒன்றாகத்தானே நிறுத்துவான்?

ஸ்டோர் பூட்டிய நாட்கள்

அடுத்தவர் ஸ்டோரில் இலவசமாகச் சாமான் வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு 2017 ஒரு பாடம். போட்டோபக்கெட் என்ற நிறுவனத்தில் உலகெங்கும் உள்ள சிறு வியாபாரிகள் தங்கள் பொருட்களின் படங்களை வைத்து, அவற்றை ஈபே போன்ற சந்தைகளில் காட்டி வந்தார்கள். அவ்வருட நடுப்பகுதியில் அந்நிறுவனம் தன் விதியை மாற்றியது. வேறு தளங்களில் படத்தைக் காட்ட வேண்டுமானால் வருடத்துக்கு 399.99 டொலர் கட்ட வேண்டும் என்றது. ஒரே நாளில் எண்ணற்ற பக்கங்களில் பொருட்களின் படங்கள் மறைந்து, பணம் கட்டச் சொல்லும் அறிவித்தல் அந்த இடத்தில் வந்து நின்றது.

பணம் பெருத்த நிறுவனங்களுக்கும் இது நேரும். 2019 ஜூலை 3 ஆம் திகதி பேஸ்புக், இன்ஸ்டகிராம், வட்ஸ்அப் மூன்றிலும் உலகின் பல பாகங்களில் படங்கள் மணிக்கணக்கில் திறக்கவில்லை. பேஸ்புக்கில் படம் இருக்க வேண்டிய இடத்தில், அதில் என்ன இருக்கலாம் என்று இயந்திரம் எழுதி வைத்திருந்த குறிப்பு மட்டும் தெரிந்தது. வட்ஸ்அப்பில் எழுத்துச் செய்திகள் போய்க்கொண்டிருந்தன. படமும் குரல் பதிவும் நின்றுபோயின. நான் சொல்ல வருவதை இதைவிடத் தெளிவாக யாரும் நிரூபிக்க முடியாது.

நம் நாட்டின் கதை வேறு. 2018 மார்ச்சில் கண்டி மாவட்ட வன்செயல்களின் போது சுமார் ஒரு வாரமும், 2019 ஏப்ரல் ஈஸ்டர் தாக்குதல்களின் பின்னரும், மீண்டும் 2022 ஏப்ரல் 3 ஆம் திகதி சில மணி நேரமும் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. தன் கடையின் படங்கள் அனைத்தையும் பேஸ்புக்கில் மட்டுமே வைத்திருந்த வியாபாரிக்கு அந்நாட்கள் கடையைப் பூட்டிய நாட்களே. சாதாரண மின்னஞ்சலும் எஸ்.எம்.எஸ்ஸும் அப்போது வேலை செய்தன.

கரண்ட் போனால் செய்வது போல...

படம் தெரியாவிட்டால் உடனே கொம்பியூட்டர் திருத்துபவரை அழைத்துக் காசு கொடுப்பவர்கள் உண்டு. கொஞ்சம் பொறுங்கள். வீட்டில் கரண்ட் போனால் முதலில் என்ன செய்கிறோம்? பக்கத்து வீட்டை எட்டிப் பார்க்கிறோம். அங்கே வெளிச்சம் இருந்தால் பிழை நம் வீட்டில். வீதியே இருளென்றால் நாம் பியூசைக் கழற்றிப் பிரயோசனமில்லை. இதையே இங்கும் செய்யுங்கள்.

முதலாவது, எல்லாத் தளங்களிலும் படம் தெரியவில்லையா, ஒரு தளத்தில் மட்டுமா, ஒரேயொரு படம் மட்டுமா என்று பாருங்கள். ஒரு தளத்தில் மட்டும் என்றால் பிழை அநேகமாக அந்தப் பக்கத்தில்.

இரண்டாவது, அதே பக்கத்தை வேறொரு போனில், வைபையை நிறுத்திவிட்டு டேட்டாவில் திறந்து பாருங்கள். அங்கே தெரிந்தால் பிழை உங்கள் இயந்திரத்தில் அல்லது உங்கள் இணைப்பில்.

மூன்றாவது, உலாவி பழைய பிரதியை வைத்துக்கொண்டு அதையே காட்டலாம். கொன்ட்ரோல் பொத்தானை அழுத்தியபடி எப்5 ஐத் தட்டுங்கள். அல்லது தனிப்பட்ட சாளரத்தில் திறந்து பாருங்கள்.

நான்காவது, டேட்டாவை மிச்சம் பிடிப்பதற்காகப் படங்களை நிறுத்தும் அமைப்பு யாராவது போட்டுவிட்டார்களா, விளம்பரத் தடுப்பான் இருக்கிறதா என்று பாருங்கள். தடுப்பானைச் சற்று நிறுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஐந்தாவது, பலர் கவனிக்காத ஒன்று: கொம்பியூட்டரின் திகதி. கடைகளில் உள்ள பழைய இயந்திரங்களில் உள்ளே இருக்கும் சிறு பட்டரி செத்துவிட்டால் திகதி பல வருடங்கள் பின்னால் போய்விடும். பாதுகாப்பான தளங்கள் காட்டும் சான்றிதழ் அந்தத் திகதிக்கு ஒத்துவராததால் தளமோ படமோ திறக்காது. மலிவான ஒரு பட்டரியோடு முடிகிற வேலை இது.

ஆறாவது, படத்தின் இடத்தில் வலது பக்கம் கிளிக் செய்து, அதைப் புதிய பக்கத்தில் திறந்து பாருங்கள். 404 என்று வந்தால் விலாசத்தில் படம் இல்லை. 403 என்று வந்தால் படம் இருக்கலாம், ஆனால் காவலாளி விடவில்லை. இந்த இலக்கத்தை அனுப்பியவருக்குச் சொன்னாலே பாதி வேலை முடிந்தது.

“எனக்குத் தெரிகிறதே!”

பொதி செய்யும் பெட்டிகள் வழங்கும் ஒருவர் ஒரு முறை எனக்கு மின்னஞ்சலில் கொட்டேஷன் அனுப்பினார். விலைகள் முழுவதும் படத்தில். கொட்டாஞ்சேனைக் காரியாலயத்தில் திறந்தால் வெற்றுப் பெட்டி. வெள்ளவத்தைக் கடையில் திறந்தாலும் அதே வெற்றுப் பெட்டி. அழைத்துக் கேட்டேன். “எனக்கு நல்லாத் தெரியுதே நானா!” என்றார். தெரியாமல் என்ன செய்யும்? படத்தின் விலாசமாக அவரது சொந்தக் கொம்பியூட்டரின் டி டிரைவ் அல்லவா அதில் எழுதப்பட்டிருந்தது! அவரது மேசையைத் தவிர உலகில் வேறெங்கும் அது தெரியாது. இதை விளங்கப்படுத்தி மறுபடியும் எடுப்பதற்குள் மூன்று நாள் போய்விட்டது. நான் வேறொருவரிடம் ஓடரைக் கொடுத்துவிட்டேன். அவரது விலை குறைவாகக்கூட இருந்திருக்கலாம். பார்க்க முடியாத விலையை எப்படி ஒப்பிடுவது?

ஆகவே அனுப்புபவர்கள் இந்தச் சில விடயங்களைக் கவனிக்க வேண்டும்.

கோப்பின் பெயரில் இடைவெளி விடாதீர்கள். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதம் இல்லாததால் நாம் இதை இலேசாக எடுக்கிறோம். ஆனால் அநேகமான சேர்வர்களுக்குப் பெரிய எழுத்து ஜேபிஜியும் சின்ன எழுத்து ஜேபிஜியும் இரண்டு வேறு ஆட்கள். விளம்பரம், பெனர் என்ற ஆங்கிலப் பெயர்களைக் கோப்புக்கு வைத்தால் விளம்பரத் தடுப்பான் உங்கள் கடைப் படத்தையும் சேர்த்து மறைத்துவிடக் கூடும்.

ஐபோன்கள் 2017 இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் ஹெயிக் என்ற வடிவில் படம் சேமிக்கின்றன. விண்டோஸ் கொம்பியூட்டர்கள் பலவற்றில் அது இலகுவில் திறக்காது. கெமரா அமைப்பில் எல்லா இடத்துக்கும் ஒத்துவரும் வடிவத்தைத் தெரிவு செய்யுங்கள். அச்சகத்தார் தரும் கோரல்ட்ரோ கோப்பை அப்படியே வாடிக்கையாளருக்கு அனுப்பாதீர்கள். ஜேபெக் அல்லது பீடிஎப் கேட்டு வாங்குங்கள்.

அளவையும் பாருங்கள். போனில் எடுத்த படம் ஒன்று 4 எம்பி என்றால் 20 படங்கள் 80 எம்பி. ஜிமெயில் இணைப்புக்கு அனுமதிப்பது 25 எம்பி. படத்தைச் சுருக்கினால் சில நூறு கேபியில் விடயம் முடியும். வாங்குபவர் தன் டேட்டாவைச் செலவழித்துத்தான் உங்கள் விளம்பரத்தைப் பார்க்கிறார் என்பதை மறக்கக் கூடாது.

இணையத்தளம் வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு படத்துக்கும் மாற்று வாசகம் எழுதச் சொல்லுங்கள். படம் வராத இடத்தில் அந்த வாசகம் தெரியும். கண் பார்வையற்ற வாடிக்கையாளருக்கு அவரது கருவி அதைத்தான் வாசித்துக் காட்டும். 2000களில் பெரும் செலவில் பிளாஷ் முறையில் ஆடும் படங்களோடு தளம் செய்தவர்கள், 2020 டிசம்பர் 31 உடன் அடோபி நிறுவனம் பிளாஷைக் கைவிட்டதையும் நினைவில் வைக்க வேண்டும். அந்தப் பக்கங்கள் இன்று சாதாரண உலாவியில் வெறும் கட்டம்தான். இன்னும் திருத்தாதவர்கள் திருத்துங்கள்.

எழுத்துக்கு என்ன குறை?

“இந்தக் காலத்தில் யார் எழுத்தை வாசிக்கிறார்? படம் போட்டால்தான் ஆட்கள் பார்ப்பார்கள்” என்று இளம் வியாபாரிகள் சொல்கிறார்கள். அதில் உண்மை உண்டு. சேலையை எழுத்தில் காட்ட முடியாது. நிறத்தையும் கரையையும் படம்தான் சொல்ல வேண்டும். நான் படத்துக்கு எதிரியல்ல. ஆனால் சேலையின் விலையை, கடையின் இலக்கத்தை, வங்கிக் கணக்கை எழுத்தில் சொல்ல என்ன தடை? படத்துக்குள் இருக்கும் கணக்கு இலக்கத்தைச் சாதாரணமாகப் பிரதி எடுத்து ஒட்ட முடியாது என்று அநேகர் கண்ணால் பார்த்துப் பார்த்துத்தான் தட்டுகிறார்கள். ஓர் இலக்கம் தவறினால் பணம் எங்கே போய் நிற்கும்? மூன்று மாதத்தின் பின் உங்கள் விலையைத் தேடும் வாடிக்கையாளர் போனில் பெயரைத் தட்டினால் எழுத்துச் செய்தி இலகுவில் அகப்படும்; படத்துக்குள் உள்ள பெயர் அகப்படும் என்று நம்பியிருக்க முடியாது. படமென்றால் யாரும் விலையை மாற்ற முடியாது என்பதும் வீண் நம்பிக்கை. இன்று சிறு பிள்ளையும் போனிலேயே படத்தில் உள்ள இலக்கத்தை மாற்றிவிடும்.

வியாபாரத்தை விட்டு ஒரு வார்த்தை. நம் மத்தியில் ஜனாஸா அறிவித்தல்களும், அவசர இரத்தம் கோரும் செய்திகளும் இப்போது அலங்காரப் படங்களாகவே வட்ஸ்அப்பில் வருகின்றன. தானாக இறங்கும் வசதியை நிறுத்தியவருக்கு, டேட்டா முடிந்தவருக்கு, போனில் இடம் நிரம்பியவருக்கு அது மங்கலான ஒரு கட்டம் மட்டும். அன்றே அடக்கம் நடக்கிறது. மாலையில் வீட்டுக்கு வந்து படத்தைத் திறந்து, அஸருக்குப் பின் நல்லடக்கம் என்று வாசிப்பவர் இனி எங்கே போவார்? மையித்தின் பெயர், வீடு, மையவாடி, நேரம் என்று இரண்டே வரியைப் படத்தின் கீழ் எழுத்தில் எழுத ஒரு நிமிடம் போதும். பள்ளிவாசல் நிருவாகிகளும் இதைக் கவனத்தில் எடுத்தால் நன்று.

கடைசியாக ஒரு சோதனை. அடுத்த விலைப்பட்டியலை வாடிக்கையாளருக்கு அனுப்புமுன், உங்களுடைய இன்னொரு மின்னஞ்சலுக்கு அதை அனுப்பி, படங்களை நிறுத்தி வைத்துத் திறந்து பாருங்கள். உங்கள் பெயர், பொருள், விலை, திகதி, தொலைபேசி இலக்கம் ஆகிய ஐந்தும் வாசிக்க முடிகிறதா? முடிந்தால் தாராளமாக அனுப்புங்கள். முடியாவிட்டால் அந்த ஐந்தையும் எழுத்தில் எழுதிச் சேர்த்த பிறகு அனுப்புங்கள்.